பெரியம்மாவுக்கு பிரான்ஸில் ஒரு யூரோ செலவில்லை, அம்மாவுக்கு இங்கே ஏன் லட்சம்?

புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அடுத்தடுத்து மார்பகப் புற்றுநோய். இருவருக்கும் ஹெர்2 பாசிட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை. பெரியம்மா பிரெஞ்சு நாட்டுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பாரீஸ் பக்கம் சார்செல்லில் இருக்கிறார். ஒரு வருடம் முழுக்க அந்த வகைக்கான ட்ராஸ்டுசுமாப் ஊசி போட்டார்கள், கையிலிருந்து ஒரு யூரோ போகவில்லை. இங்கே டாக்டர் அதே ஊசியை அம்மாவுக்கு எழுதியதும் வீட்டில் நகையைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே மருந்துக்கு ஏன் இந்த வித்தியாசம், பெரியம்மா அங்கிருந்து வாங்கி அனுப்ப முடியாதா, இந்தியாவில் மருந்து மலிவு என்கிறார்களே, அது உண்மையா என்பவை அவர் கேள்விகள்.

புதுச்சேரியில் கீமோ மருந்துகளைக் கலந்து வார்டுக்கு அனுப்பும் பார்மசியில் பல வருடமாக வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அனுப்பும் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம் தம்பி. நரம்பில் ஏற்றும் ட்ராஸ்டுசுமாப் அங்கே ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொடுக்கப்படுவது, மருந்துக்கடையில் வாங்கும் பொருள் கிடையாது. குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய பெட்டியில் பத்து மணி நேரம் விமானம், அப்புறம் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகக் கார் என்று வந்து சேரும் குப்பியை எந்தப் பொறுப்பான பார்மசியும் ஏற்றாது, ஏற்றவும் கூடாது. அதைவிட முக்கியமான காரணம், இதே மருந்தின் பயோசிமிலர், அதாவது மூல மருந்தைப் போலவே வேலை செய்யும் நகல், இந்தியாவிலேயே தயாராகிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது விலை. பெரியம்மாவுக்குக் கிடைத்த மருந்துக்கும் விலை உண்டு, அதை வேறொருவர் கட்டினார். பிரான்ஸில் புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அந்த நோய்க்கான சிகிச்சைக்கு நூறு சதவீதம் சமூகக் காப்பீடே கொடுத்துவிடும். பெரியம்மா கார்ட் வீத்தால் என்ற பச்சை நிறக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதும். அவருக்கு முன்னாலேயே மருந்துக் கம்பெனியோடு உட்கார்ந்து விலை பேச அங்கே ஒரு அரசுக் குழு இருக்கிறது. கிட்டத்தட்ட 6.8 கோடி பேருக்காக ஒரே வாயாகப் பேசுகிற குழு. ஒத்து வராவிட்டால் அந்த நாட்டுச் சந்தையே கைவிட்டுப் போகும் என்று கம்பெனிக்குத் தெரியும். அதனால் பட்டியல் விலை ஒன்று, உண்மையில் கொடுக்கும் விலை வேறு. அந்தத் தள்ளுபடி ரகசியம்.

உங்கள் அம்மாவுக்காகப் பேச யார் இருந்தார்கள்? கவுன்டரில் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் நீங்கள்தான். அச்சடித்த எம்.ஆர்.பி.யைப் படிக்கத்தான் உங்களால் முடியும். உலகம் முழுக்க நடப்பது இதுதான்: கூட்டாக வாங்குகிறவர்களுக்கு விலை இறங்குகிறது, தனியாக நிற்கிறவர்கள் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள், தனியாக நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளாக இருக்கிறார்கள். மருந்தைக் கண்டுபிடிக்க ஆன செலவுதான் விலையை நிர்ணயிக்கிறது என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 99 புற்றுநோய் மருந்துகளைக் கணக்குப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்குப் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2017 இறுதிக்குள் அவற்றில் பாதி மருந்துகளில் 14.50 டாலரோ அதற்கு மேலோ விற்பனை வருமானம் வந்திருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் அமெரிக்காவில் 2001இல் வந்தபோது வருடத்துக்குச் சுமார் 30,000 டாலர். 2012இல் அதே மாத்திரை 92,000 டாலரைத் தொட்டது. நடுவில் மாத்திரையில் எதுவும் மாறவில்லை. இதைப் பொறுக்க முடியாமல் அந்த நோயைப் பார்க்கும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து 2013இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார்கள்.

இந்தியாவில் மலிவு என்பது பாதி உண்மை. அந்தப் பாதியும் தானாக வரவில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கைதான் விதை. மருந்துக்கே காப்புரிமை கொடுத்தால் விலை நம் கைக்கு எட்டாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றார் அவர். 1970 காப்புரிமைச் சட்டம் அந்த வழியில் வந்தது. நம் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டன. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005இல் மருந்துக்கே மறுபடியும் காப்புரிமை கொடுக்க வேண்டி வந்தபோதும், பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதிது என்று காட்டிக் காப்புரிமையை நீட்டக் கூடாது என்று 3(டி) பிரிவை வைத்தார்கள். நோவார்டிஸ் கம்பெனி இமாட்டினிபின் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்தப் பிரிவே செல்லாது என்று போட்ட வழக்கை 2007இல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் விலை சொன்ன மருந்தின் ஜெனரிக், அதாவது வேறு கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்து, 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு அப்போதே கிடைத்தது. இன்று அதைவிடக் குறைவு. ஜிப்மர் ஓ.பி.யில் கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு, மறுநாள் கொல்லை வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுடைய உயிருக்கும் சென்னையில் எழுதப்பட்ட அந்த உத்தரவுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

உங்கள் அம்மாவின் ஊசிக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ட்ராஸ்டுசுமாப் அமெரிக்காவில் 1998இல் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது 2015இல். பதினேழு வருட இடைவெளி. இந்தியாவில் ஒரு குப்பி ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற காலம் உண்டு. 2013 தொடக்கத்தில் சுகாதார அமைச்சகக் குழு இதற்குக் கட்டாய உரிமம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதாவது காப்புரிமை இருந்தாலும் வேறு கம்பெனி தயாரிக்க அரசு அனுமதிப்பது. உரிமம் கொடுக்கப்படவே இல்லை, ஆனால் அந்தப் பேச்சே வேலை செய்தது. அதே வருடம் இந்த ஊசியின் மூல மருந்தை விற்ற ரோஷ் கம்பெனி இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014இல் பெங்களூரு பயோகானின் பயோசிமிலர் 440 மில்லிகிராம் குப்பி 57,500 ரூபாய்க்கு வந்தது. அப்புறம் இன்னும் பல கம்பெனிகள் வந்தன, ஆஸ்பத்திரிகள் வாங்கும் விலை வெகுவாக இறங்கிவிட்டது. அந்த பயோகான் மருந்தையே 2017 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தது. ஆகவே "உள்ளூர் ஊசி" என்று யாராவது முகத்தைச் சுளித்தால் அம்மா கவலைப்பட வேண்டாம்.

இந்தியாவில் கட்டாய உரிமம் உண்மையில் கொடுக்கப்பட்டது இதுவரை ஒரே ஒரு முறைதான். 2012 மார்ச்சில், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மாத்திரைக்கு. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்தது 8,880 ரூபாயானது. சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. கேரளத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்மணி, ரிபோசிக்லிப் மாத்திரைக்கு மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது, கட்டாய உரிமம் கொடுங்கள் என்று 2022இல் உயர் நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார். நீதிமன்றம் தானாகவே வழக்கைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டது. இந்தியாவில் மலிவு என்பது ஏன் பாதி உண்மை என்றேனோ, அதற்கு இதைவிட என்ன சொல்ல? 2005க்குப் பிறகு வந்த புது மருந்துகளில் நாமும் மற்ற ஏழை நாடுகளைப் போலத்தான். இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) என்று நீங்கள் கேள்விப்படும் ஊசிகள் பெரும்பாலும் இந்த வரிசையில் வருபவை.

அப்புறம் எம்.ஆர்.பி. விஷயம். உங்கள் வீட்டார் கணக்குப் பார்த்தது எந்த எண்ணை வைத்து என்று கேளுங்கள். புற்றுநோய் ஜெனரிக்குகளில் அட்டையில் அச்சான விலைக்கும் மொத்த வியாபாரி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் விலைக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. பல மருந்துகளில் இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் 2019இல் மத்திய விலை நிர்ணய ஆணையம் 42 மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 426 பிராண்டுகளில் 390இன் விலை இறங்கியது. ஓர் உத்தரவுக்கு இவ்வளவு இறங்க முடிகிறது என்றால் அத்தனை வருடமும் அந்தப் பணம் யாருடைய நகையிலிருந்து போனது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை. கூட்டாக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே ஆதாரம் உண்டு. தேசியப் புற்றுநோய் கட்டமைப்பு என்ற பெயரில் மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி முன்னின்று பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து 40 மருந்துகளுக்கு ஒன்றாக விலை பேசியபோது, தனித்தனியாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் எண்பது சதவீதத்துக்கு மேல் மிச்சமானது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதும் இதே வழியில்தான்.

நம்மைவிடக் கீழே இருக்கும் நாடுகளுக்குப் போனால் கதை இன்னும் கொடுமை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்ன கணக்கு இது. மிக வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது, அதனால் இறப்பவர் 71இல் ஒருவர். மிகப் பின்தங்கிய நாடுகளில் கண்டுபிடிக்கப்படுவது 27இல் ஒருவருக்குத்தான், ஆனால் இறப்பவர் 48இல் ஒருவர். நோய் வருவது குறைவு, சாவது அதிகம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. இங்கே காப்புரிமையைக் குற்றம் சொல்ல முடியாது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோப்யூரின் 1953இல் வந்தது, வின்கிறிஸ்டின் 1963இல் வந்தது. இரண்டும் மலிவு. மலிவாக இருப்பதால்தான் தயாரிக்க ஆள் குறைகிறது, சின்ன நாடு வருடத்துக்குச் சில நூறு குப்பி கேட்டால் டெண்டருக்கு யாரும் வருவதில்லை. வைத்தியம் பாதியில் நின்றுபோகிற குழந்தைகள் அங்கே நிறைய. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2021இல் இதற்கென ஒரு கூட்டுக் கொள்முதல் ஏற்பாட்டை அறிவித்தன. 2025இல் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் மருந்து போய்ச் சேர்ந்தது.

மலிவு மருந்துக்கும் தட்டுப்பாடு வரும் என்பதைப் பணக்கார நாடும் பட்டுத் தெரிந்துகொண்டது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் இன்றும் தலை, கழுத்து, நுரையீரல், கர்ப்பப்பை வாய் என்று பல இடங்களில் அடிப்படை மருந்து. அமெரிக்காவுக்குப் பெரும் பங்கு போய்க்கொண்டிருந்தது குஜராத்தில் ஒரே ஆலையிலிருந்து. 2022 இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே தரக் குறைகளைக் கண்டார்கள், உற்பத்தி நின்றது, 2023இல் அமெரிக்காவில் தட்டுப்பாடு. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு வேறு மருந்து என்று அமெரிக்க டாக்டர்கள் வரிசைப்படுத்த வேண்டி வந்தது. கடைசியில் சீனாவிலிருந்து வரவழைத்தார்கள். வேண்டும்போது இன்னொரு நாட்டிலிருந்து வரவழைக்கிற வழி ஆப்பிரிக்காவின் மலாவி போன்ற ஏழை நாட்டுக்குக் கிடையாது.

மார்ஃபினைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. வலி தாங்க முடியாத நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரைதான் கருணை, அதன் விலை சில ரூபாய். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017இல் கணக்குச் சொன்னது: உலகில் வருடத்துக்கு வழங்கப்படும் 298.5 டன் வலி நிவாரண ஓபியாய்டில் (மார்ஃபின் போன்ற மருந்துகள்) மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நம் நாட்டிலேயே 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்காமலே இருந்தன. பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்த தொல்லை 2014 திருத்தத்தில்தான் குறைந்தது. இத்தனை வருடம் கழித்தும், "மார்ஃபினா, அடிமையாகிவிட மாட்டாரா?" என்று கேட்கும் குடும்பங்களை வாரந்தோறும் பார்க்கிறேன். டாக்டர் எழுதியிருந்தால் கொடுங்கள். வலியில் ஒருவரைக் கிடக்க விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நம் நாட்டு டாக்டர்கள் செய்தது. வாய்ப் புற்றுநோய் இங்கே எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், ஹான்ஸும் வெற்றிலைப் புகையிலையும் போகாத தெரு கிடையாது. தலை கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் போடுவார்கள். அதை வாங்க முடிந்தவர்கள் நம் நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இருக்கவில்லை. டாடா மெமோரியலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்து, கூடவே மலிவான மாத்திரைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருடம் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், இந்தக் குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்துதான்! எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனியும் பணம் போடாது. நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் அம்மாவின் மருந்திலும் இந்தக் கேள்வி உண்டு. ஒரு வருடம் போட வேண்டுமா, ஆறு மாதம் போதுமா? பிரிட்டனில் 4,088 பெண்களிடம் பார்த்ததில் நான்கு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஆறு மாதக் குழுவில் 89.4 சதவீதம், பன்னிரண்டு மாதக் குழுவில் 89.8. பிரான்ஸில் 3,380 பேரிடம் பார்த்தவர்களோ ஆறு மாதம் அதற்குச் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை என்றார்கள். அதனால் வழக்கம் இன்னும் ஒரு வருடம்தான். முழு வருடத்துக்கு வழி இருந்தால் முழுதாகப் போடுங்கள். வழியே இல்லை என்றால் "ஒன்றும் வேண்டாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாமல், ஆறு மாதமாவது போடலாமா என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவருக்கு இந்த ஆராய்ச்சிகள் தெரியும், நீங்கள் கேட்டால்தான் பேச்சு அங்கே போகும்.

குப்பிக் கணக்கு ஒன்றையும் காட்டுகிறேன், வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் ஊசி கிலோவுக்கு 8 மில்லிகிராம், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6. அம்மா 55 கிலோ என்றால் முதல் தடவை சரியாக ஒரு 440 குப்பி, அடுத்தடுத்த தடவைகளுக்கு 330. குப்பியில் 110 மிச்சம். கூட வரும் பாக்டீரியா தடுப்பு நீரில் கரைத்திருந்தால் (குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும்) ஃபிரிட்ஜில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். சாதா ஸ்டெரைல் வாட்டர் என்றால் உடனே பயன்படுத்தியாக வேண்டும். அதே எடையுள்ள நான்கு பேருக்கு ஒரே நாளில் ஊசி என்றால் 1,320 மில்லிகிராம், அதாவது மூன்றே குப்பி. ஆளுக்கொரு குப்பி வாங்கினால் நான்கு. இதற்காகவே ஹெர்2 நோயாளிகளை ஒரே நாளில் வரச் சொல்லும் டே கேர் (ஊசி போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பும் பிரிவு) உண்டு. உங்கள் இடத்தில் அந்த வழக்கம் உண்டா என்று பார்மசியில் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. வெளியே கலப்படமில்லாத மருந்து பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸப்பில் வருகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லியில் பிடிபட்ட கும்பல் காலிக் குப்பிகளை வாங்கி வேறு எதையோ நிரப்பி விலை உயர்ந்த புற்றுநோய் ஊசி என்று விற்றிருந்தது.

இனி செய்ய வேண்டியது. தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டோடு கடை கடையாக ஏறுவதை நிறுத்திவிட்டு, கோரிமேடு ஜிப்மரில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். மத்திய அரசு ஆஸ்பத்திரி, கூட்டம் அதிகம், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், ஆயுஷ்மான் அட்டை இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காப்பீட்டுக் கவுன்டரில் "இந்த ஊசி பேக்கேஜில் வருமா, முன் ஒப்புதலுக்கு என்ன வேண்டும்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இதைப் படிக்கும் கடலூர்க்காரர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை வைத்திருப்பீர்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள், நடுவில் மாறினால் தேதி தள்ளிப்போகும்.

அறுவை சிகிச்சை நடந்த இடத்திலிருந்து பயாப்சி ரிப்போர்ட் மட்டும் வாங்கினால் போதாது, பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த கட்டியின் துண்டு) கேட்டு வாங்குங்கள். அது அம்மாவின் உரிமை. ரிப்போர்ட்டில் ஹெர்2 "3+" என்று இருந்தால் சரி, "2+" என்றிருந்தால் ஹெர்2 மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்த பிறகே இந்த ஊசி தேவையா என்று தெரியும், அதற்கு அந்த பிளாக் வேண்டும். எக்கோ எடுத்து இதயத்தையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பார்கள். பெரியம்மாவுக்கு அங்கே எடுத்த எக்கோ ரிப்போர்ட்டுகளை அனுப்பச் சொல்ல வேண்டியதில்லை. பணமாக ஏதாவது அனுப்ப விரும்பினால் அது ஃபிஷ்ஷுக்கும் எக்கோவுக்கும் போக்குவரத்துக்கும் உதவும்.